நான் சொல்லாமல் விட்ட பாதி

எங்கள் தோட்டத்தில் என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்றுதான். "அவ மூஞ்சிக்கு நேரா சொல்லிருவா" என்பார்கள். பிள்ளைக் காம்பராவின் கூரை ஒழுகி, தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் நனைந்தபோது, தோட்டத்துத் துரை வந்திருந்த கூட்டத்தில் எழுந்து நின்று சிங்களத்தில் அதைச் சொன்னவள் நான்தான். மற்றவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரத்தில் புதுத் தகரம் வந்தது. அந்தப் பேரில் எனக்குப் பெருமை இருந்தது. கிறிஸ்தவளாக இருப்பதில் பாதி அதுதான் என்றுகூட நினைத்திருந்தேன். பொய் பேசக் கூடாது, பொய்யைக் கண்டால் விடவும் கூடாது. அந்தப் பெருமையால் ஒருத்திக்கு என்ன ஆனது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். எழுதினால் மனம் ஆறும் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

நான் பிறந்ததும் இப்போது இருப்பதும் கேகாலையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் மேலே ஏற வேண்டிய ஓர் இறப்பர் தோட்டத்தில். மேல் டிவிஷனில் கொஞ்சம் தேயிலையும் உண்டு. தாய்மார் இறப்பர் மரத்தில் பால் வெட்டவும் கொழுந்தெடுக்கவும் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம்தான் பிள்ளைக் காம்பரா. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். அதற்குமேல் நான் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அதனால் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிறவர்கள் என்னைத் துணைக்குக் கூப்பிடுவார்கள். கடைத்தெருச் சிங்களம் இங்கே எல்லாருக்கும் வரும். டொக்டர்மார் பேசும் சிங்களம் வேறு.

நான் அக்கா என்று சொல்லப்போகிறவர் என் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மூன்று வீடு தள்ளி இருந்தவர், என்னைவிட நாலு வயது மூத்தவர். பால் வெட்டும் வேலையில் அவரைப் போல் சுத்தமான ஆள் எங்கள் டிவிஷனில் இல்லை. அதிகம் பேசமாட்டார். சிரித்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அவருடைய வீட்டுக்காரர் மரக்கிளை விழுந்து இறந்துபோனார். அதன் பிறகு நான்தான் அவரை எங்கள் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தோட்டத்தில் பெரும்பாலானவர்கள் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள். எங்கள் சபை பதினொரு குடும்பம், தகரம் போட்ட ஒரு சின்ன மண்டபம், ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் வரும் ஒரு பாஸ்டர். அவ்வளவுதான்.

அக்காவுக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். மகனுக்கு இருபத்தாறு வயது, தகப்பன் போனதிலிருந்து குடி. வீட்டுக்காரருடைய தம்பி இரத்தினபுரிப் பக்கம் இன்னொரு தோட்டத்தில் இருந்தார். வரும்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான்: "குலசாமிய விட்டுட்டுப் போனீங்க. அண்ணன் போனது போதாதுன்னு, அதுக்குத்தான் இவனும் இப்படி ஆயிட்டான்." அக்கா பதில் சொல்லமாட்டார். என்னிடம் மட்டும் ஒரு தரம், "ஒரு நாளைக்கு அவரயும் சபைக்குக் கூட்டிட்டு வரணும் புள்ள" என்றார்.

கூட்டிக்கொண்டும் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி வெள்ளைச் சட்டையோடு வந்து, கடைசி வாங்கில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்ததும் பாஸ்டர் வழக்கம்போல, "யாராவது சாட்சி சொல்ல விரும்புறீங்களா?" என்று கேட்டார். அதுவரை ஒருநாளும் சாட்சி சொல்லாத அக்கா எழுந்தார். சேலை முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சின்னக் குரலில் பேசினார்.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். எங்க வீட்டுல பெரிய கஷ்டம் இருந்துச்சு. எல்லாருக்கும் தெரியும். இப்ப மூணு மாசமா எம்மகன் குடிக்கிறதில்ல. ஆண்டவர் அவன மாத்திட்டாரு."

எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். நான் சொல்லவில்லை. முந்தைய நாள் பின்னேரம் டவுன் பஸ் ஸ்டாண்டில் அந்த மகன் தூணில் சாய்ந்து விழுந்து கிடந்ததை நான் பார்த்திருந்தேன். சபையில், ஆண்டவருடைய பேரைச் சொல்லி, பொய். எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. அந்தச் சூட்டைப் பரிசுத்த ஆவி என்று நினைத்தேன்.

எழுந்து நின்றேன். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஆண்டவர் சந்நிதியில பொய் சொல்லக் கூடாது. நேத்து பின்னேரம் பஸ் ஸ்டாண்டுல அவன் குடிச்சுட்டு விழுந்து கெடந்தத நானே பார்த்தேன்" என்றேன்.

கடைசி வாங்கிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அந்தத் தம்பி எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அக்கா அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து, ஆராதனை முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. பிறகு வரவே இல்லை.

அன்று எல்லாரும் போன பிறகு பாஸ்டர் வாங்குகளை ஒழுங்காக இழுத்துப் போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டார். "சிஸ்டர், அவங்க சொன்னது சரியில்லதான். நீங்க சொன்னது உண்மைதான். ஆனா அத யாருக்காகச் சொன்னீங்க?"

"ஆண்டவருக்காக, பாஸ்டர்."

"ஆண்டவருக்குத்தான் ஏற்கனவே தெரியுமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு நடந்து வரும் வழியில் முழுக்க அவர்மேல் எனக்குக் கோபமாக இருந்தது. அவர் கேட்டது சரியென்று ஒத்துக்கொள்ள ஒரு மாதம் ஆனது.

ஒத்துக்கொண்ட பிறகு அக்காவின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாக்கியங்களை அடுக்கி வைத்துக்கொண்டு போனேன். அவர் பிளேன் டீ ஊற்றித் தந்தார், சீனிக்குப் பதில் ஒரு துண்டு கருப்பட்டியும். மழையைப் பற்றிப் பேசினார். மழைக் காலத்தில் பால் வெட்ட முடியாமல் பெயர் விழுவதில்லை, நாள் சம்பளம் போய்விடுகிறது என்றார். நான் "அக்கா, அன்னைக்கு சபையில" என்று ஆரம்பித்ததும் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தார். அடுப்பில் ஒன்றும் இல்லை. நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். எங்களுக்குள் சண்டை என்று யாரும் சொல்ல முடியாது. வழியில் கண்டால், "சாப்பிட்டியா புள்ள?" என்று கேட்பார். அதற்குமேல் ஒன்றும் இருக்காது.

அப்போதுதான் நான் என் வாய்க்குப் பயப்பட ஆரம்பித்தேன். எதையும் சொல்வதற்கு முன் நிறுத்தி, யாருக்கு நோகும் என்று பார்த்தேன். நோகும் என்றால் விழுங்கிவிட்டேன். பிள்ளைக் காம்பராவில் என்னோடு வேலை செய்தவள், "இப்ப நீங்க சாந்தமா ஆயிட்டீங்க" என்றாள். நான் அன்பைக் கற்றுக்கொண்டுவிட்டதாக நினைத்தேன். கற்றுக்கொண்டது பயத்தை மட்டும்தான். அவை இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோல இருக்கும்.

ஒரு வருஷத்துக்கும் மேல் அப்படியே போயிற்று. பிறகு ஒரு நாள் மத்தியானம், குழந்தைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வாசலில் வந்து நின்றார்.

"புள்ள, வர்ற புதன்கிழம ஆஸ்பத்திரிக்கு என்கூட வர முடியுமா? நெஞ்சுல ஒரு கட்டி மாதிரி இருக்கு. ஏற்கனவே ஊசி போட்டு எடுத்துப் பார்த்திருக்காங்க. முடிவு சொல்றதுக்கு வரச் சொன்னாங்க. டொக்டர் பேசுறது எனக்கு ஒழுங்கா வெளங்க மாட்டேங்குது."

எனக்கு அந்தக் கட்டியைப் பற்றிப் பயம் வரவில்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும். எனக்கு வந்தது சந்தோஷம். தோட்டத்தில் சிங்களம் தெரிந்தவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர் என்னிடம் வந்தார். என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன்.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கினோம். கிளினிக்கில் நீள வரிசை. டொக்டர் கண்ணாடி போட்ட, களைத்த முகமுள்ள ஒரு சிங்களப் பெண். நல்லவர். காகிதங்களைப் புரட்டிவிட்டு, கதிரையை எங்கள் பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்து பேசினார். அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார், என்னைப் பார்த்து அல்ல. இது பிளிகாவ, அதாவது கென்ஸர், மார்பை எடுத்துவிட வேண்டும், அதன்பின் அதற்கென்றே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம், அங்கே மருந்து ஏற்றுவார்கள், இப்போதே செய்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, தள்ளிப்போட்டால் உடம்பில் பரவிவிடும், பிறகு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. இவ்வளவையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கடைசியில், "கல் தான்ன எப்பா", நாள் கடத்த வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஹரியட்ட கியன்ன" என்றார். சரியாகச் சொல்லுங்கள் என்று.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னவாம் புள்ள?"

அந்த ஆஸ்பத்திரி இருக்கும் மகரகம என்ற ஊர்ப்பேர் எங்கள் லயங்களில் ஒரு வருத்தத்தின், அந்த நோயின் பேர். அங்கே போனவர்கள் திரும்பி வந்ததைவிடத் திரும்பாததைத்தான் நாங்கள் அதிகம் பார்த்திருக்கிறோம். அந்தச் சொல் என் வாய்வரை வந்தது. அவர் கண் என்மேல் இருந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு என்னை நம்பிப் பார்க்கிற கண். இன்னொரு தரம் நான் வாயைத் திறந்து இந்த முகம் உடைந்துபோவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

"கட்டி ஒன்னு இருக்காம் அக்கா. ஒபரேஷன் பண்ணி எடுத்துட்டா நல்லதுன்னு சொல்றாங்க. பயப்பட வேணாமாம்" என்றேன்.

"அவசரமாமா?"

"கெதியா செஞ்சா நல்லதுன்னுதான் சொல்றாங்க."

"நத்தாருக்கு மக வர்றாளே. அவ வந்ததுக்கப்புறம் செஞ்சா ஆகாதா? ஒபரேஷன் பண்ணிப் படுத்துட்டா என்னைய யாரு பாப்பா? அவன நம்ப முடியுமா?"

அப்போது ஜூலை மாதம். கிறிஸ்துமஸ் வரைக்கும் ஐந்து மாதத்தை நான் விரல்விட்டு எண்ணினேன் என்று நினைவு. "பார்க்கலாம் அக்கா" என்றேன்.

அக்கா என்ன சொல்கிறார் என்று டொக்டர் கேட்டார். வீட்டில் பேசிவிட்டு வருகிறாராம் என்று சிங்களத்தில் சொன்னேன். டொக்டர் அடுத்த வாரத்துக்கே ஒரு திகதி எழுதி, கிளினிக் கொப்பியை மூடித் தந்தார். இப்படி ஒரே நிமிஷத்தில் இரண்டு மொழியில் இரண்டு பேரை நான் ஏமாற்றினேன். இரண்டு பக்கமும் தன்மையாகத்தான் பேசினேன். குரலை உயர்த்தவில்லை. யாரும் அழவில்லை.

திரும்பி வரும்போது அக்கா பஸ் ஸ்டாண்டில் ரம்புட்டான் வாங்கினார். பஸ்ஸில் தோலை உரித்து உரித்து என் கையில் வைத்தார். "ஒனக்கு ஒன்னு சொல்லவா புள்ள, நான் என்னென்னமோ நெனச்சுப் பயந்துட்டேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரத் திகதி போனது. நான் நினைவுபடுத்தினேன். "மக வரட்டும்" என்றார். இப்போது சொல்லிவிடலாம், உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ நாள் அவர் வாசல்வரை போயிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தைய நாளைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போனது. இன்றைக்குச் சொன்னால், ஏன் நேற்றுச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜெபம் பண்ணினேன். "ஆண்டவரே, நீர் அவர் மனதில் பேசும்" என்று கேட்டேன். பேச வேண்டியது நான்தான் என்று தெரிந்துகொண்டே அப்படிக் கேட்டேன்.

ஒக்டோபரில் பெருமழை பிடித்தது. அரநாயக்கவில் மலை சரிந்து இறங்கியதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் மழை என்றால் யாரும் விளையாட்டாக எடுப்பதில்லை. எங்கள் லயத்துக்குப் பின்னால் மண்ணில் வெடிப்பு விட்டிருந்ததால் எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். மூன்று நாள் அங்கே வகுப்பறையில் பாயைப் போட்டு இருந்தோம். இரண்டாம் நாள் மத்தியானம் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் கக்கத்துக்குள் வைத்தார். அங்கே நெல்லிக்காய் அளவில் ஒன்று கல் மாதிரி இருந்தது.

"இங்கயும் வந்திருக்கு புள்ள. அதேதானா?"

இப்போது சொல்லியே ஆக வேண்டும். "அக்கா" என்றேன். அவர் உடனே, "கொஞ்சம் ஜெபம் பண்றியா? நான் சபைய விட்டு ரொம்ப நாளாச்சு. ஆண்டவருக்கு என் குரல் மறந்திருக்கும்" என்றார்.

அவர் வாயிலிருந்து ஜெபம் என்ற சொல்லைக் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சபையிலிருந்து அவரைத் துரத்தியவள் நான். அந்தச் சொல்லோடு அவர் திரும்பி வரும்போது நான் எப்படி வாயைத் திறப்பேன்? கண்ணை மூடி ஜெபம் பண்ணினேன். சுகம் தாரும் என்று கேட்டேன். அழுதேன். அவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். மழை விட்டால் கிளினிக்குக்குப் போவோம் என்று மட்டும் சொன்னேன். மழை விட்டது. நாங்கள் போகவில்லை.

நத்தாருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மகள் வந்தாள். தாயைக் கண்டதும் அவள் முதலில் சொன்னது, "ஏம்மா இப்படி மெலிஞ்சிட்டீங்க?" என்பதுதான். மூன்றாம் நாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "ஆன்ட்டியும் வாங்க, ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று என்னையும் அழைத்தாள்.

அதே டொக்டர்தான். கொப்பியைத் திறந்து திகதியைப் பார்த்தார். அக்காவைப் படுக்க வைத்துப் பரிசோதித்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. ஏன் இவ்வளவு காலம் வரவில்லை என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அவருக்குப் பொறுமை போய்விட்டது. என்னைக் காட்டி, சத்தமாக, "மம எதாம கிவ்வனே, மே நோனாட்ட" என்றார்.

நான் அன்றைக்கே இந்த அம்மாவிடம் சொன்னேனே என்று. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. கடைத்தெருச் சிங்களம். அக்காவுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

வெளியே நடைபாதையில் மகள் காகிதங்களை எடுத்துக்கொண்டு ஸ்கேன் எடுக்கும் இடத்தைத் தேடிப் போனாள். அக்காவும் நானும் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அவர் என்னை நேரே பார்க்காமல் கேட்டார்.

"டொக்டர் அன்னைக்கே சொன்னாங்களா?"

"ஆமாங்க அக்கா."

"என்ன வருத்தம்னும் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"அவசரம்னும்?"

"ரெண்டு தரம் சொன்னாங்க."

எதிரே ஒரு தாதி வண்டி தள்ளிக்கொண்டு போனாள். "ஏன் புள்ள?" என்றார்.

"ஒங்களுக்கு மறுபடியும் நோக வெச்சிருவேனோன்னு பயந்துட்டேங்க அக்கா."

அப்போது திரும்பிப் பார்த்தார். "சபைக்கு நடுவுல எந்திரிச்சு நின்னியே. அன்னைக்கு இந்தப் பயம் எங்க போயிருந்துச்சு?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார்.

ஈரலுக்குப் பரவியிருந்தது. மகரகமவில் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. மகள் குவைத்துக்குத் திரும்பவில்லை. டொக்டர் வாயால் விஷயம் தெரிந்த அந்த நாளிலிருந்து அவள் என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். நான் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனால் வாசலிலேயே வாங்கிக்கொண்டு, பாத்திரத்தை மறுநாள் யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். பாஸ்டர் என்னிடம், "அன்னைக்கே செஞ்சிருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம் சிஸ்டர். நமக்குத் தெரியாது" என்றார். ஆறுதலுக்காகச் சொன்னார். தெரியாது என்பதில்தான் நான் இப்போது தினமும் விழித்தெழுகிறேன்.

மே மாதத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் காலையில், மகள் டவுனுக்கு மருந்தெடுக்கப் போயிருந்தபோது, அக்கா பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி என்னைக் கூப்பிட்டனுப்பினார். கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் மஞ்சளாக இருந்தது. தலையணைக்கு அடியிலிருந்து ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து நீட்டினார்.

"இதுல என்ன எழுதியிருக்கு? மககிட்ட கேட்டா, சரியாயிரும்மா, சரியாயிரும்மான்னே சொல்றா. நீ படிச்சுச் சொல்லு. இந்தத் தரம் பாதி சொல்லாத."

அட்டையில் பாதி இங்கிலீஷும் பாதி சிங்களமும். வாசித்தேன். வாசித்தது போதாதென்று இன்னொரு தரம் வாசித்தேன். பிறகு கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கையை எடுத்துக்கொண்டேன். அது காய்ந்த இலை மாதிரி லேசாக இருந்தது.

"இனிமே வருத்தத்துக்கு மருந்து இல்லன்னு எழுதியிருக்காங்க அக்கா. வலிக்கு மட்டும் குடுக்கச் சொல்லியிருக்காங்க."

"எத்தன நாள்?"

"அது எழுதலங்க. எனக்குத் தெரியாது. தெரிஞ்சா சொல்லிருவேன்."

அவர் தலையை ஆட்டினார். வெளியே யாரோ குழாயடியில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. பரலோகம் என்றோ, ஆண்டவர் சித்தம் என்றோ சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அந்த ஒரு அடக்கம் மட்டும் சரியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கொஞ்சம் கழித்து அவரே பேசினார். "அன்னைக்கு சபையில நான் சொன்னது பொய்தான் புள்ள. அவங்க சித்தப்பா முன்னால எம்மகன் ஒரு நாளைக்கு நல்லவனா இருக்கட்டுமேன்னு பார்த்தேன். ஒரே ஒரு நாளைக்கு."

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க அக்கா. என்னைய மன்னிச்சிருங்க. அதுக்கும், இதுக்கும்."

அவர் "சரி" என்றும் சொல்லவில்லை, "இல்லை" என்றும் சொல்லவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. "எனக்குத் தெரியும்னு மககிட்ட சொல்லாத. நான் நம்புறேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் அவ சமைக்கிறா, துவைக்கிறா. அதையும் எடுத்துறாத" என்றார்.

பதினெட்டு நாளில் போய்விட்டார். வீட்டுக்காரருடைய தம்பி வந்து கோவில் முறைப்படி செய்ய வேண்டும் என்றார். மகள் சம்மதித்தாள். பாஸ்டரை ஒரு ஜெபம் மட்டும் பண்ண விட்டார்கள். மகன் அன்றைக்கும் குடித்திருந்தான். தாயின் கால்மாட்டில் உட்கார்ந்து, அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். சபையிலிருந்து போன நாங்கள் தேயிலைப் பக்கம் ஒதுங்கி நின்றோம். நான் பாடவில்லை.

காரியம் முடிந்து ஒரு வாரத்தில் மகள் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தாள். ஐந்து மாதத்தில் முதல் தரமாக என் முகத்தைப் பார்த்தாள். "ஒன்னு கேக்கணும். அம்மாவுக்கு, சாகப்போறது தெரியுமா?"

சொல்லாதே என்று கேட்டவர் இப்போது இல்லை. அவர் கேட்டது, இருக்கும்வரைக்கா, எப்போதைக்குமா? அதை நான் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. குழந்தைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவளை வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"உக்காரு மக. தெரியும். அவங்களே என்கிட்ட அட்டையக் குடுத்துப் படிக்கச் சொன்னாங்க. நான் படிச்சுச் சொன்னேன். ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு அவங்கதான் சொன்னாங்க. நீ பாத்துக்கிட்டது அவங்களுக்கு அவ்வளவு பெருசா இருந்துச்சு."

அவள் முகம் எனக்கு ஆறுதலைத் தரும் என்று ஏதோ ஒரு மூலையில் நினைத்திருக்கிறேன்போல. தரவில்லை. "அப்ப நான் சரியாயிரும், சரியாயிரும்னு சொன்னப்ப எல்லாம், பொய்யின்னு தெரிஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தாங்களா?" என்றாள்.

"ஆமா மக."

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, ஒரு நாளும் சேர்ந்து அழலியே ஆன்ட்டி." நான் தோளைத் தொடப் போனேன். அவள் விலகிக்கொண்டாள். "நீங்க உள்ள போங்க. புள்ளைங்க எந்திரிக்கப் போகுது" என்றாள்.

அந்த மாதக் கடைசியில் அவள் எம்பிலிப்பிட்டிய பக்கம் ஏதோ வேலை என்று போய்விட்டாள். போகிற அன்று லயத்தில் எல்லார் வீட்டுக்கும் போய்ச் சொல்லிக்கொண்டாள். என் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டு, அவள் பெட்டியோடு கடந்துபோவதைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு என்னை இப்போது அதிகம் யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடுகிறவர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுகிறேன், எல்லாம் தெரிய வேண்டுமா என்று. வேண்டும் என்றால் எல்லாவற்றையும் சொல்கிறேன், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக. சொன்ன பிறகு எழுந்து போகாமல் இருக்கிறேன். சிலர் அழுகிறார்கள். ஒருவர் என்னைத் திட்டினார். மகளிடம் அன்று சொன்னது சரியா, அதையும் தாய் கேட்டபடி விழுங்கியிருக்க வேண்டுமா என்று ஆண்டவரிடம் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. வராமலும் போகலாம்.